ஊரான் வீட்டுக் காவல்

ஆனி 20, வெள்ளி

நம்பிதான் எழுதச் சொன்னான். பார்ப்பதையெல்லாம் தேதி போட்டுக் குறித்து வைத்தால் போனில் சொல்லத் தோதாக இருக்கும் என்றான். எனக்குக் குறிப்பு எதற்கு? அவனுக்குக் காது குத்திய அன்றைக்கு யார் யார் என்ன சேலை கட்டி வந்தார்கள், யார் மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் போலீஸ் என்று ஒன்று வந்து நின்றால் வாய்ப்பேச்சு எடுபடாது. கிழவி உளறுகிறாள் என்பார்கள். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணலாகத்தான் வரும்.

நான் பேராச்சி. பாளையங்கோட்டை. நம்பிராஜன் என் மகன், கோமதி அவன் பெண்டாட்டி. அவர்களுக்கு ஒரே மகள் ஆவுடை. சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு மூன்று வருஷமாக முதுகில் ஒரு பையோடு ஊர் ஊராகத் திரிகிறாள். இதுவரை யாரிடமும் காசு கேட்டதில்லை. அதுதான் எல்லோருக்கும் பயம். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எவனோ பணக்காரன் வைத்திருக்கிறான் என்று கோமதியின் அக்கா கோயிலில் வைத்துச் சொன்னாள். பை தூக்கி அலைகிறவர்கள் போதைப் பவுடர் கடத்துகிறவர்கள் என்று எதிர்வீட்டு ரிட்டையர்ட் தாசில்தார் சொன்னார். நம்பிக்குத் தூக்கம் போயிற்று. "நீ கூடப் போயி ஒரு மாசம் இரும்மா, எப்படிப் பொழைக்கான்னு பாத்துச் சொல்லு" என்று அனுப்பிவிட்டான். அவளிடம், ஆச்சி ஊர் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னான். என் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட்டு அந்த அறையில் கோமதி தையல் மிஷின் போட்டிருக்கிறாள். நான் திரும்பியதும் மறுபடி மாட்டிக்கொள்ளலாமாம்.

இது கோவா. மட்காவ் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, மழையில் நடந்து வந்து சேர்ந்தோம். தென்னந்தோப்புக்கு நடுவில் தனி வீடு. கூடத்துச் சுவர் முழுக்கச் செத்தவர்களின் படம், ஒருவரைத் தவிர எல்லோரும் கோட்டு போட்டு முறைக்கிறார்கள். ரெண்டு நாய். ஒன்று கறுப்பு, குட்டி, பேர் மாயா. இன்னொன்று கிழடு, ஒரு கண்ணில் பால் விழுந்தது, பேர் சிக்கோ. எனக்கு நாய் என்றால் ஆகாது.

ஆவுடை பூந்தொட்டிக்கு அடியில் கையை விட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். அதைப் பார்த்த மாத்திரத்தில் யாராவது கவனிக்கிறார்களா என்று தோப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆனி 21, சனி

இன்று கேட்டுவிட்டேன். யார் வீடு இது என்று.

வீட்டுக்காரியின் மகளுக்குப் பேறுகாலமாம். போர்ச்சுகல் தேசத்தில் இருக்கிறாளாம். தாய் உதவிக்குப் போயிருக்கிறாளாம். அவள் வரும்வரைக்கும் வீட்டையும் நாய்களையும் பார்த்துக்கொள்வது ஆவுடையின் பொறுப்பு. வாடகை இல்லை. இவளுக்கும் சம்பளம் இல்லை. இதற்கென்றே கம்ப்யூட்டரில் ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே வீட்டுக்காரர்களும் இவளைப் போன்றவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்களாம். போன தடவை மைசூரில், அதற்கு முன்னால் டேராடூனில், எல்லாம் இப்படித்தானாம்.

"முன்னப்பின்ன பாத்திருக்கியாட்டி அவளை?"

"வீடியோல பேசினேன் ஆச்சி."

கதை கட்டுகிறாள். பேறுகாலத்துக்குப் போகிறவள் வீட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். முகம் தெரியாதவளிடம் கொடுத்துவிட்டா போவாள்? ஒரு கந்த சஷ்டிக்கு நான் திருச்செந்தூர் போனபோது என் நாத்தனார் வள்ளிநாயகியிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனேன். கட்டியவரின் கூடப் பிறந்தவள். திரும்பி வந்தால் என் அம்மா சீராகக் கொடுத்த வெங்கலப் பானையைக் காணோம். அப்படி ஒரு பானையே உன்னிடம் இருந்ததில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் செத்து, பதினாறும் முடிந்துவிட்டது. நான் மன்னிக்கவில்லை.

சொந்தபந்தமே அப்படி. ஊரான் ஊரானை நம்புகிறானாம்.

ஆனி 22, ஞாயிறு

நம்பி போன் பண்ணினான். ஆவுடை குளிக்கப் போயிருந்தாள். பூந்தொட்டிச் சாவியைச் சொன்னேன். "பூட்டிக் கிடக்க வீட்டுக்குள்ள புகுந்து இருக்காளோ" என்றான். எனக்கும் அதே நினைப்புதான், ஆனால் அவன் வாயால் கேட்டபோது அப்படி இருக்காது என்று சொல்லத் தோன்றியது. வேறு ஏதும் தெரிந்தால் உடனே சொல்லச் சொன்னான்.

நான் திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலையில் மறந்திருப்பான்.

ஆனி 25, புதன்

மழை விடவில்லை. துணி காயவில்லை. தலையணை உறையில் பூஞ்சை பூத்துவிட்டது.

ஆவுடை எப்படிப் பிழைக்கிறாள் என்று கேட்டால் இப்போதைக்கு நான் பார்த்தது இவ்வளவு. விடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனா ஆவன்னா. ஒரு பயல் ழகரம் வராமல் அழுதான், இவளும் விடவில்லை. பிறகு சந்தைக்கு நடை. ஆட்டோ கிடையாது. மத்தி மீன் வாங்குகிறாள், கிலோ கணக்கில் வாங்கி நாய்க்கும் நமக்கும் ஒரே சட்டியில் வேகவைக்கிறாள், உப்பு புளி மட்டும் பிறகு பிரித்துப் போடுகிறாள். நான் நாய்ச் சட்டியில் சாப்பிட மாட்டேன் என்றேன். தனிச் சட்டி வைத்துத் தந்தாள்.

கோவாவுக்கு ஜனம் வருவது மார்கழியிலாம். மழையில் எவனும் வரமாட்டான், எல்லாம் மலிவாகக் கிடைக்கும், அதனால்தான் வந்தேன் என்கிறாள். இவளுக்குத் திரிகிறவள் என்று பேர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் ரெண்டு மாசம் அசைவதில்லை. கோமதி ஊட்டிக்கு மூன்று நாள் போய்விட்டு வந்து அந்த வருஷ தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்கவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுத் தாசில்தார் சொன்னதைச் சொன்னேன். ஆவுடை சிரித்துவிட்டாள். "டேராடூன்ல ஒரு அக்கா என்னைக் கோடீஸ்வரன் மகள்னு நெனச்சிருந்தா ஆச்சி. மைசூர்ல ஒருத்தர், பாவம் பட்டினி கிடக்கான்னு தினம் இட்லி கொண்டாந்து குடுத்தார். பவுடர்தான் இதுவரைக்கும் யாரும் சொல்லல."

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் ஒன்று இருக்கிறது. தினம் மத்தியானம் வீட்டைச் சுற்றிப் படம் எடுக்கிறாள். நாய் சோறு தின்பது, கூடம், பின்வாசல், பீரோ. எடுத்து யாருக்கோ அனுப்புகிறாள். வீட்டுக்காரி பார்க்கத்தான் என்கிறாள். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று திருடனுக்குச் சொல்வதும் இப்படித்தானே இருக்கும்?

ஆனி 27, வெள்ளி

குளியலறையில் பாம்பு. ஆவுடை விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது.

ஆனி 29, ஞாயிறு

நம்பி கூப்பிட்டான். படம் எடுப்பதைச் சொன்னேன். நீளமாக மூச்சு விட்டான். திசையன்விளையில் ஒரு வரன் கூடி வந்திருக்கிறதாம். ஆடி கழிந்ததும் ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் ஏதாவது கேஸ் என்று பேர் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றான். ஆம்பளை எவனாவது வந்தால், போலீஸ் வந்தால், அடுத்த நிமிஷம் எனக்குப் போன் அடி, நான் வந்து அவளை இழுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

வரன் விஷயம் ஆவுடைக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கிழட்டு நாய் என் காலடியில் வந்து படுக்கிறது. விரட்டினால் அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிட்டு, நான் அசந்த நேரம் திரும்ப வந்துவிடுகிறது. பிடிவாதம்.

ஆனி 31, செவ்வாய்

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

ஆவுடை சந்தைக்குப் போயிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை, ரெண்டு பேர். கேட்டைத் தட்டிக் கத்துகிறார்கள். எனக்கு அந்தப் பாஷை புரியவில்லை. ஒருவன் கையில் காகிதம். இன்னொருவன் வீட்டைக் கை நீட்டிக் காட்டிக் காட்டிப் பேசினான். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர்களே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

என் காலில் எப்படி அந்த வேகம் வந்தது தெரியாது. ஆவுடையின் பையை எடுத்தேன், கம்ப்யூட்டரை அதில் திணித்தேன், பின்வாசல் வழியாக ஓடினேன். பின்பக்கத்து மரக்கேட்டைத் தள்ளித் திறந்து, தோப்பைத் தாண்டி, பாழடைந்த மாட்டுக் கொட்டகை ஒன்றில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓலை ஒழுகியது. என் பிள்ளை ஜெயிலுக்குப் போகிறாள், நானும் போகிறேன், வள்ளிநாயகியின் மக்கள் கேட்டுச் சிரிக்கப் போகிறார்கள் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அங்கிருந்தே நம்பிக்குப் போன் அடித்தேன். போலீஸ் வந்துவிட்டது என்றேன். கிளம்பிவிட்டேன் என்றான்.

ஆவுடை கூப்பிடும் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். கரண்ட் ஆபீஸ்காரர்களாம். கம்பிமேல் சாய்ந்த தென்னை மட்டையை வெட்ட வந்தவர்களாம். மட்டை வாசலில் கிடந்தது. ஜீப் போய்விட்டது. மாயா கூடத்தில் குரைத்துக்கொண்டிருந்தது.

சிக்கோவைக் காணோம். பின்கேட் அகலத் திறந்து கிடந்தது.

ஆனி 32, புதன்

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். ஆவுடை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தோப்பு, ஓடைக்கரை, ரோடு எல்லாம் தேடிவிட்டு நனைந்துபோய் வந்தாள். வந்ததும் போனை எடுத்தாள்.

"யாருக்குட்டி?"

"வீட்டுக்கார அம்மாவுக்கு."

"கிறுக்கச்சி. நாளைக்குத் தேடிப் பாத்துட்டுச் சொல்லலாம்லா. கெடைச்சிட்டா சொல்லவே வேண்டாமே."

"அப்படிச் செய்ய முடியாது ஆச்சி. அவங்களுக்குத் தெரியாத ஒரு மணி நேரம் கூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது. என்கிட்ட வேற என்ன இருக்கு? இதை நம்பித்தான் அடுத்த வீட்டுக்காரங்க சாவி குடுக்காங்க. இவளை நம்ப முடியாதுன்னு ஒருத்தர் அந்தக் கம்ப்யூட்டர் எடத்துல எழுதினா எனக்கு எந்த ஊர்லயும் வீடு இல்ல."

போனில் அந்த அம்மாள் அழுவது எனக்குக் கேட்டது. பாஷை எதுவானாலும் அழுகை புரிகிறது. அந்த நாய் அவள் புருஷன் வளர்த்ததாம். அவர் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறார், கடைசிப் படம், கோட்டு இல்லாதவர்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆவுடை கதை கட்டவில்லை. முதல் நாளே எல்லாம் சொல்லிவிட்டாள். நான்தான் நம்பவில்லை.

இன்று முழுக்க அவள் தேடினாள். நான் பின்கேட்டில் உட்கார்ந்து சிக்கோ சிக்கோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. ஒரு கண் தெரியாத ஜீவன். ரோட்டில் லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன்.

நம்பி ரயில் ஏறிவிட்டதாகக் கோமதி போனில் சொன்னாள். வரவேண்டாம் என்று சொல்ல அவனுக்கு எத்தனையோ தடவை அடித்தேன். எடுக்கவில்லை. வருகிறான், வந்து அவளைக் கொண்டுபோகப் போகிறான், அழைத்தது நான்.

ஆடி 1, வியாழன்

கிடைத்துவிட்டது. மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து சொன்னாள். மாதாகோயில் முன்மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களின் காலுக்கு நடுவில் படுத்திருந்ததாம். ஆவுடை தூக்கிக்கொண்டு வந்தாள். காலில் முள் கீறல், வேறு ஒன்றும் இல்லை. நான் என் பழைய சேலையால் துடைத்துவிட்டேன். கையை நக்கியது. கழுவிக்கொண்டேன்.

ஆவுடை படம் எடுத்து அனுப்பினாள். நாயோடு நானும் விழுந்திருக்கிறேன்.

பிறகு அவளிடம் சொன்னேன். உன் அப்பன் நாளைக்கு வருகிறான், நான்தான் போலீஸ் என்று சொன்னேன், உனக்குத் திசையன்விளையில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், என்னை அனுப்பியது ஊர் பார்க்க அல்ல. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீ என் பைய எடுத்துக்கிட்டு ஓடினியே, அது எதுக்கு?" என்றாள்.

"போலீஸ் கையில சிக்கக் கூடாதுன்னுதான்."

"வேவு பாக்க வந்தவ அதை அவங்ககிட்டல்லா குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மாயாவுக்குச் சோறு வைக்கப் போனாள்.

ஆடி 2, வெள்ளி

நம்பி வந்தான். ஷூவைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து சுவரில் உள்ளவர்களை எல்லாம் பார்த்தான். போலீஸ் எங்கே என்றான். மட்டை வெட்ட வந்தவர்களைச் சொன்னேன். வீட்டுக்காரியைச் சொன்னேன், பேறுகாலத்தைச் சொன்னேன், இது உலகம் முழுக்க நடப்பதுதான் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஆனி 21ஆம் தேதி என் முகத்தில் இருந்தது.

"எம்மா, முன்னப்பின்ன தெரியாதவளுக்கு எவளாவது வீட்டைக் குடுப்பாளா? இந்த வயசுல நீ இதை நம்புதியே."

"நான் நம்புதேன்."

"அப்போ எவன் குடுத்த வீடு இது? அதைச் சொல்லு."

ஆவுடை அங்கேயே நின்றாள். அவள் எதிரிலேயே கேட்டான். அவள் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அப்பா, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் இருப்பேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வர மாட்டேன்."

அவன் அவளுடைய பையைத் தூக்கினான். செவ்வாய்க்கிழமை நான் தூக்கிய அதே பை. நான் போய்க் கதவடியில் நின்றேன். நம்பியை நான் ஒருநாளும் மறித்ததில்லை.

"பைய வையி நம்பி."

"நீதானம்மா வரச் சொன்னே."

"பயந்துபோயிச் சொன்னேன். இப்பவும் பயந்துபோயித்தான் சொல்லுதேன். வையி."

வைத்துவிட்டான். கோபத்தில் அல்ல, களைப்பில். சாப்பிட உட்கார்ந்தான். மத்திக் குழம்பு ஊற்றினேன், ரெண்டாம் தடவை வாங்கினான். சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்தான். திரும்பிப் போக ரெண்டு டிக்கெட் எடுத்திருந்தான். அவனுக்கு ஒன்று, ஆவுடைக்கு ஒன்று. அவசரத்தில் எடுத்திருப்பான்.

ஆவுடையின் டிக்கெட்டை அங்கேயே ரத்து செய்தான். அதை என் பேருக்கு மாற்ற முடியாதாம். நான் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், அவனாகத்தான் சொன்னான். இந்த மழை முடிந்ததும் எனக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்றான். மாடியில் கட்டில் நனைகிறதா என்று கேட்டேன். மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறதாம்.

சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஆவுடை அவனுக்குக் குடை கொடுத்து அனுப்பினாள்.

ஆடி 3, சனி

துணி இன்னும் காயவில்லை. இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆடி 6, செவ்வாய்

வீட்டுக்காரி ஆவுடையைப் பற்றிக் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டாள். ஆவுடை தமிழில் சொன்னாள். வீடு சுத்தமாக இருக்கிறது, செடிகள் நன்றாக இருக்கின்றன, ஒருநாள் கேட் திறந்துபோய்க் கிழட்டு நாய் தொலைந்தது, உடனே எனக்குச் சொன்னார்கள், தேடிக் கொண்டுவந்தார்கள். பொய் ஒன்றும் இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இது உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில் கிடக்குமாம். இப்படி ஒரு இடம் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் வெங்கலப் பானையை எழுதியிருப்பேன்.

அடுத்த வீடு இமாச்சல மலையில். ஆப்பிள் தோட்டம், ஒரு வயசான தம்பதி, ஒரு பசு. இதைப் படித்துவிட்டு அவர்கள் யோசிக்கிறார்களாம். கேட்டைத் திறந்தது யார், மறுபடி நடக்குமா, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வீடு கிடைக்காவிட்டால் மழைக்குப் பிறகு இவளுக்குப் போக்கிடம் இல்லை. பாளையங்கோட்டைதான். திசையன்விளைதான்.

ஆவுடை பதில் அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தின்னு போடவா, ரெண்டு பேருன்னு போடவா ஆச்சி?"

அங்கே குளிருமா என்று கேட்டேன். குளிரும் என்றாள். பசுவை யார் கறப்பது என்று கேட்டேன். அதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள் என்றாள். நான் கறப்பேன் என்று சொல்லவில்லை, கறக்கத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ ரெண்டு."

"கேட்டைத் திறந்தது யாருன்னு என்ன போட்ட?"

"காத்துல திறந்துக்கிச்சுன்னு போடலாம்னு பாத்தேன். உன் பேரைப் போட்டா, இவங்களையா கூட்டிட்டு வர்றேன்னு கேப்பாங்கல்லா. வீடு கெடைக்காமப் போயிரும்."

வீட்டுக்காரியிடம் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதவள். எனக்காகப் பொய் எழுத நினைத்திருக்கிறாள்.

"காத்து இல்ல. பேராச்சி திறந்தா. கரண்ட்காரனைப் போலீஸ்னு நெனச்சுப் பயந்து ஓடினா. அப்படியே போடு."

"ஆச்சி."

"போடுட்டி."

போட்டாள். எழுத்து எழுத்தாக அடிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் பேர் எது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள்.

அனுப்பியாயிற்று. பதில் வரவில்லை. அவர்கள் வயசானவர்கள், போனை எப்போதாவதுதான் பார்ப்பார்களாம். ஒவ்வொரு தடவை அது சத்தம் போடும்போதும் ஆவுடை எடுத்துப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நாய்ச் சட்டியைத் தேய்க்கிறேன். மாட்டுக் கொட்டகையில் பதுங்கியிருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.